சீனத் துறவிகள் வரைஞ்ச மலை-ஆறு ஓவியங்களைக் கவிதையோட சேர்த்துப் படிக்கறது எப்படி? முழுமையான வழிகாட்டி

சைனீஸ் லேண்ட்ஸ்கேப்னு தேடினா ஆயிரம் படம் வரும், எல்லாத்துலயும் ஒரு மலை, கொஞ்சம் பனி, குச்சி ஊனிட்டுப் போற ஒரு பொடி ஆள், மூலையில நாலு வரி எழுத்து, ரெண்டு சிவப்பு முத்திரை. அஞ்சு செகண்ட் பாத்துட்டு நல்லாருக்குன்னு அடுத்ததுக்குப் போயிடறோம். அந்த மூலையில இருக்கற எழுத்துதான் பாதிப் படம். குறிப்பா பௌத்தத் துறவிங்க வரைஞ்ச படங்கள்ல அதைப் படிக்காம விட்டா, கோட்டால எதைச் சொல்ல முடியலையோ அது மொத்தமும் நமக்குக் கிடைக்காமலே போயிடும். சத்தம், சூடு, ஊர் ஞாபகம், பறிபோன நாடு இதெல்லாம் அந்த வரிகள்ல தான் இருக்கு.

இதுக்குச் சீன மொழி தெரியணும்னு அவசியம் இல்ல. போன் போதும், லேப்டாப் இருந்தா இன்னும் நல்லது. ஒரு படத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்க, அவசரப்பட்டா ஒன்னும் நடக்காது.

முதல்ல, யார் இந்தத் துறவிங்க

ரொம்ப ஆழமா போக வேண்டாம், மூணு காலகட்டத்தை மனசுல வச்சுக்கோங்க. 10ஆம் நூற்றாண்டுல நான்ஜிங்ல இருந்த ஜூரான். 13ஆம் நூற்றாண்டுல ஹாங்சோ ஏரிக்கரை மடத்துல இருந்த முச்சி, கிட்டத்தட்ட அதே காலத்து யூஜியான். அப்புறம் 17ஆம் நூற்றாண்டுல 'நாலு துறவிங்க'ன்னு சேர்த்தே சொல்ற ஹோங்ரென், குன்சான், பாதா ஷான்ரென், ஷிதாவ்.

இந்தக் கடைசி நாலு பேர் கதை தெரியாம அவங்க படத்தைத் தொடவே கூடாதுன்னு நான் சொல்வேன். 1644ல மிங் அரசு விழுந்து மஞ்சு ஆளுங்க பெய்ஜிங்கைப் பிடிச்சாங்க. மறு வருஷமே ஆம்பளைங்க எல்லாரும் முன்தலையைச் சிரைச்சுப் பின்னாடி ஜடை போட்டே ஆகணும்னு உத்தரவு, போடலைன்னா தலை போயிடும். அதுல இருந்து தப்பிக்க இருந்த சில வழிகள்ல ஒன்னு, முழு மொட்டை போட்டுத் துறவியாகறது. பழைய அரசுக்கு விசுவாசமா இருந்த படிச்சவங்க நிறைய பேர் அப்படித்தான் மடத்துக்குப் போனாங்க. பாதா, ஷிதாவ் ரெண்டு பேரும் மிங் அரச குடும்பத்து வாரிசுங்க வேற, வெளியில அடையாளம் தெரிஞ்சா உயிருக்கே ஆபத்து. ஷிதாவ் சின்னப் பையனா இருக்கும்போதே அப்பாவைக் கொன்னுட்டாங்க, வீட்டு வேலையாள் ஒருத்தர் தான் தூக்கிட்டு ஓடிக் காப்பாத்தினார். இவங்க மலையை வரையறப்போ அது வெறும் மலையா இருக்க முடியுமா?

படி 1: கவிதைக்கும் படத்துக்கும் என்ன உறவுன்னு முதல்ல பிடிச்சுக்கோங்க

தாங் காலத்துல, 8ஆம் நூற்றாண்டுல வாங் வெய்ன்னு ஒரு கவிஞர். துறவி இல்ல, அரசு அதிகாரி, ஆனா தீவிரமான பௌத்தர், தன் இன்னொரு பேரையே, பௌத்த நூல்ல வர இல்லறத்து ஞானி விமலகீர்த்தியோட சீனப் பேர்ல இருந்து எடுத்து வச்சுக்கிட்டவர். ஓவியரும் கூட. அவர் கையால வரைஞ்சது எதுவும் இப்ப இல்ல, பின்னாடி வந்தவங்க எடுத்த நகல்கள் தான் இருக்கு. 11ஆம் நூற்றாண்டுல சூ ஷிங்கற பெரிய கவிஞர் இவரைப் பத்திச் சொன்னது தான் இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் சொல்றது: அவர் கவிதையைச் சுவைச்சா உள்ள ஓவியம் இருக்கு, ஓவியத்தைப் பாத்தா உள்ள கவிதை இருக்கு.

வாங் வெய்யோட 'மான் வேலி'ங்கற கவிதை வெறும் 20 எழுத்து தான். புத்தர் முதல்ல உபதேசம் பண்ண சாரநாத் மான் வனத்தை ஞாபகப்படுத்தற பேரு. சுமாரா தமிழ்ல சொன்னா:

காலி மலை, ஆள் யாரும் கண்ல படல
யாரோ பேசற சத்தம் மட்டும் கேக்குது
திரும்பி வர வெயில் அடர்ந்த காட்டுக்குள்ள நுழையுது
மறுபடியும் பச்சைப் பாசி மேல படுது

முதல் வரியை வரைஞ்சிடலாம், கடைசி ரெண்டையும் கஷ்டப்பட்டு வரைஞ்சிடலாம். ரெண்டாவது வரியை எப்படி வரைவீங்க? ஆளைக் காட்டினா கவிதை போச்சு, காட்டலைன்னா சத்தம் போச்சு. இந்த இடைவெளியில தான் நம்ம விஷயமே இருக்கு.

இதை நேரடியாப் பேசினது ஒரு துறவி. பேரு ஹுய்ஹோங், 1071ல இருந்து 1128 வரைக்கும் வாழ்ந்தவர். 'சோங் தி'ங்கற பேருள்ள ஓவியர், ஹுனான் பக்கம் சியாவோ, சியாங் ஆறுகள் ஓடற இடத்தை எட்டுக் காட்சியா வரைஞ்சிருந்தார், சனங்க அதைச் 'சத்தமில்லாத கவிதை'ன்னு கொண்டாடினாங்க. இன்னொரு துறவி ஹுய்ஹோங்கைப் பாத்து, நீங்க சத்தமுள்ள ஓவியம் பண்ணுவீங்களான்னு விளையாட்டா கேக்க, இவரும் காட்சிக்கு ஒன்னா எட்டுக் கவிதை எழுதிட்டார். அந்த எட்டுத் தலைப்பையும் கவனிங்க: மணல்ல இறங்கற காட்டு வாத்து, தூரத்துல திரும்பி வர பாய்மரம், மழை விட்ட மலைச் சந்தை, ஆத்து மேல அந்திப் பனி, துங்திங் ஏரி மேல இலையுதிர்கால நிலா, ராத்திரி மழை, மூடுபனிக்குள்ள கோயிலோட சாயங்கால மணி, மீனவர் ஊர்ல சாயுற வெயில். ராத்திரி மழையையும் மணிச் சத்தத்தையும் வரையச் சொல்லித் தலைப்பு கொடுத்திருக்காங்க பாருங்க! அப்புறம் பல நூறு வருஷம் சீனா, கொரியா, ஜப்பான்னு இதே எட்டைத் திரும்பத் திரும்ப வரைஞ்சிட்டே இருந்தாங்க.

படி 2: நல்ல படத்தைப் பெருசா எடுங்க

பின்டெரெஸ்ட்ல வர குட்டி ஜேபெக் வேண்டாம், அதுல எழுத்தும் தெரியாது கோடும் தெரியாது. தைபே நேஷனல் பேலஸ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், கிளீவ்லாந்து ஆர்ட் மியூசியம் மூணுமே நிறைய படங்களை இலவசமா, பெரிய சைஸ்ல டவுன்லோட் பண்ண விடறாங்க. மியூசியம் பக்கத்துல பல சமயம் கவிதையோட ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும், அதையும் காப்பி பண்ணி வச்சுக்கோங்க, ஆனா இப்பவே படிக்காதீங்க.

படம் எந்த வடிவம்னு பாருங்க. தொங்கவிடற நீளச் சுருள்னா கீழ இருந்து மேல. கையில பிரிச்சுப் பாக்கற கிடைமட்டச் சுருள்னா வலது பக்கத்துல இருந்து இடது பக்கம், அதுவும் ஒரு கை அகலம் மட்டும் பாத்துச் சுருட்டிட்டே போகணும், மொத்தமா விரிச்சுப் பாக்கறதுக்குச் செஞ்சதே இல்ல அது. ஸ்க்ரீன்லயும் ஜூம் பண்ணி வலது ஓரத்துல ஆரம்பிச்சு மெதுவா நகத்துங்க.

படி 3: எழுத்தை விட்டுட்டு முதல்ல நடந்து பாருங்க

பழக ஏத்த படம் ஜூரானோட 'இலையுதிர்கால மலையில மெய்வழி கேட்டல்', தைபேல இருக்கு. பட்டுத்துணி மேல மை. கீழ தண்ணி ஓரத்துல ஒரு பாதை ஆரம்பிக்கும், அது மரத்துக்கு நடுவுல மறைஞ்சு மறைஞ்சு மேல போகும், அதை விரலால பிடிச்சிட்டே போங்க. பள்ளத்தாக்கு நடுவுல கூரை வேய்ஞ்ச குடில் வரும், அதுக்குள்ள ரெண்டு பேர் எதிரெதிரா உக்காந்திருப்பாங்க. அவ்ளோ பெரிய மலைக்கு நடுவுல இவ்ளோதான் மனுஷங்க. அந்தக் குடிலுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் மேல இருக்கற சிகரத்தைப் பாக்காதீங்க.

இந்தப் படத்துல ஜூரான் கவிதை எதுவும் எழுதல. அந்தக் காலத்துல படத்து மேலயே ஓவியர் கவிதை எழுதற பழக்கம் இன்னும் வரல, அது சோங் அரச வம்சம் ஆண்ட காலத்துல மெல்ல ஆரம்பிச்சு மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்துல தான் நல்லா வேர் பிடிச்சுது. அதனால 10ஆம் நூற்றாண்டுப் படத்துல நிறைய எழுத்து இருந்தா அது பெரும்பாலும் பின்னாடி வந்தவங்க சேத்ததுன்னு எடுத்துக்கலாம்.

படி 4: கோட்டைப் பாருங்க

நூறு பர்சென்ட் ஜூம் போங்க. ஜூரானோட மலை மேல நீள நீளமா, லேசா அலைஞ்சு, ஒன்னு மேல ஒன்னு படுத்த மாதிரி கோடுங்க இருக்கும், சணல் நார்க் கோடுன்னு அதுக்குப் பேரு. தெக்கத்தி சீனாவோட ஈரமான மண் மலைக்கு அது பொருத்தம். உச்சியில சின்னச் சின்ன உருண்டைக் கல்லும் கரும் பாசிப் புள்ளிகளும் அவரோட அடையாளம்.

இப்ப ஹோங்ரென் படம் ஒன்னு பக்கத்துல வைங்க, ஹோனலூலு மியூசியத்துல இருக்கற 'இலையுதிர்காலம் வருது' நல்ல படம். மலையில நாரும் இல்ல ஈரமும் இல்ல, மெல்லிசான வறண்ட கோட்டால பெட்டி பெட்டியா அடுக்கின பாறை, நடுவுல வெறும் பேப்பர். ஹுவாங்ஷான் கருங்கல் மலையை நேர்ல பாத்துப் பாத்து வந்த கோடு அது. "துணிஞ்சு சொல்றேன், வானமும் பூமியும் தான் என் ஆசான், பத்தாயிரம் பள்ளத்தாக்கு ஆயிரம் பாறைக்கு நடுவுல தனியா ஒரு கோலூன்றி"ன்னு அவரே ஒரு கவிதையில எழுதியிருக்கார். அந்த 'தனியா'ங்கற வார்த்தைக்கு அப்புறம் படத்துல ஆளே இல்லாத இடங்களைத் திரும்பப் பாருங்க. 1664ல அவர் செத்தப்போ, அவர் கேட்டுக்கிட்டபடியே சமாதியைச் சுத்தி ப்ளம் மரம் நட்டாங்க.

குன்சான் இதுக்கு நேர் எதிர். காலி இடமே விடமாட்டார், வறண்ட பிரஷ்ஷால கிறுக்கிக் கிறுக்கி, மேல செம்மண் கலர் லேசா தடவி, மலை முழுக்க புதர் மண்டின மாதிரி இருக்கும். மிங் விழுந்தப்போ காட்டுமலைக்குள்ள ஒளிஞ்சு திரிஞ்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டவர் அவர். 1660ல வரைஞ்ச ஒரு நெட்டைச் சுருள் நான்ஜிங் மியூசியத்துல இருக்கு, மேல நீளமா அவரோட கவிதையே ஓடும்.

ஒன்னு மறந்துடாதீங்க. மை பேப்பர்ல பட்ட உடனே ஊறிடும், அழிக்க முடியாது. கவிதை எழுதின பிரஷ், மை, மணிக்கட்டு எல்லாமே மலை வரைஞ்சதும் அதே தான். அதனால எழுத்தோட கோட்டையும் மரக்கிளையோட கோட்டையும் பக்கத்துல பக்கத்துல ஜூம் பண்ணிப் பாத்தீங்கன்னா ஒரே கைன்னு பளிச்சுனு தெரியும். கவிதை, எழுத்து, ஓவியம் மூணையும் சேத்து 'மூணு உச்சம்'னு சொல்ற வழக்கம் தாங் காலத்துலயே வந்தாச்சு.

படி 5: இப்ப கவிதைக்கு வாங்க

படி 2ல காப்பி பண்ணி வச்ச மொழிபெயர்ப்பை இப்ப எடுங்க. பெரும்பாலும் நாலு வரிக் கவிதை தான் இருக்கும், வரிக்கு 5 இல்ல 7 எழுத்து, ஆக மொத்தம் 20 இல்ல 28. எட்டு வரின்னா 40 இல்ல 56. மேல இருந்து கீழ, வலது தூண்ல இருந்து இடது தூணுக்குப் படிக்கணும். நிறுத்தக்குறி கிடையாது, வரி முடியற இடத்துல தூண் முடியணும்னும் இல்ல. எழுத்தை எண்ணிப் பாத்தாலே எங்க கவிதை முடிஞ்சு எங்க தேதி, கையெழுத்து ஆரம்பிக்குதுன்னு பிடிச்சிடலாம், கையெழுத்து சின்னதாவும் இருக்கும்.

நாலு வரின்னா மூணாவது வரியில ஒரு திருப்பம் இருக்கும், அதைத் தேடுங்க. யூஜியானோட 'மழை விட்ட மலைச் சந்தை' இதுக்குச் சரியான உதாரணம், டோக்கியோல இதெமித்சு மியூசியத்துல இருக்கு. படத்தைப் பாத்தா முதல்ல மை கொட்டிட்ட மாதிரி தான் தோணும். ஈர மையை வீசி அடிச்சு மலை, அதுக்குக் கீழ கொஞ்சம் கூரை, சின்னப் பாலம், ரெண்டு இழுப்புல முடிச்ச மனுஷங்க. அவரே எழுதின கவிதை:

மழை மேகத்தோட காலை இழுத்துட்டு சாங்ஷா மேல ஒடுங்குது
மங்கலா மிச்ச வானவில், கூடவே அந்திச் சிவப்பு
இதுல எல்லாம் ஒசத்தி, சந்தைப் பாலத்தாண்ட, சாலையோர வில்லோ மரத்துக்கு அப்பால
கள்ளுக்கடைக் கொடி ஆடுது, வழிப்போக்கனுக்கு வீட்டு ஞாபகம்

ஒவ்வொரு வரியையும் படத்தோட ஒட்டி வச்சுப் பாருங்க. மேகத்தோட கால் இழுபடறது அந்த ஈர மைல அப்படியே இருக்கு, அங்க கவிதையும் கோடும் ஒரே வேலையைச் செய்யுது. ரெண்டாவது வரியில வானவில், சிவப்பு. படம் முழுக்க கறுப்பு மை தான், கலர் மொத்தமும் கவிதைக்குள்ள தான் இருக்கு, படிச்சதுக்கு அப்புறம் அந்தச் சாம்பல் நிறத்தையே நீங்க வேற மாதிரி பாப்பீங்க. மூணாவது வரி வானத்துல இருந்து நம்மளைக் கீழ சந்தைக்கு இறக்குது. கடைசியா, கொடி ஆடறதைப் பாத்துட்டு ஒருத்தனுக்கு வீட்டு நினைப்பு வருது, அதை எந்த மையாலயும் வரைய முடியாது. அதுக்கு அப்புறம் பாலத்துக்கிட்ட இருக்கற அந்த ரெண்டு இழுப்பைப் பாருங்க, எனக்கு அது பாக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

முச்சியும் இதே எட்டுக் காட்சியை வரைஞ்சார், ஆனா மீனவர் ஊர் படத்துல (டோக்கியோ நெசு மியூசியம்) சாயுற வெயில்னு நாம பாக்கறது வரையாம விட்ட வெறும் பேப்பர் தான். இது நீளச் சுருளா இருந்தது, ஜப்பானுக்குப் போனதுக்கு அப்புறம் தேநீர் அறையில தொங்கவிட வசதியா துண்டு துண்டா வெட்டிட்டாங்க. 1365ல வந்த ஒரு சீன நூல் முச்சியை முரட்டுத்தனம், பழைய முறை எதுவும் இல்லன்னு திட்டி ஒதுக்குது. அவர் படங்கள் பெரும்பாலும் ஜப்பான் மடங்கள்ல தான் பிழைச்சு இருந்துது, அங்க மதிச்சு வச்சிருந்தாங்க, அந்த விமர்சகர் பண்ணது அநியாயம்.

படி 6: கையெழுத்து, தேதி, முத்திரை

இதைத் தாவிடாதீங்க, நாலு துறவிங்க விஷயத்துல வாழ்க்கை வரலாறே இங்க தான் இருக்கு. முத்திரை ரெண்டு வகை, சிவப்பு எழுத்தா விழறது ஒன்னு, சிவப்புக் கட்டத்துக்குள்ள வெள்ளை எழுத்து இன்னொன்னு. நிறைய முத்திரை இருந்தா அதுல பாதி பின்னாடி வாங்கி வச்சிருந்தவங்களோடது, சியான்லோங் சக்கரவர்த்தி மாதிரி ஆளுங்க கை போன இடமெல்லாம் குத்தித் தள்ளியிருப்பாங்க. ஓவியரோடது கையெழுத்துக்குப் பக்கத்துல இருக்கும்.

ஷிதாவ் தனக்கு வச்சுக்கிட்ட பேருங்கள்ல ஒன்னு 'பாகற்காய்த் துறவி'. 1689ல யாங்சோல காங்ஷி சக்கரவர்த்தியைப் பாத்தப்போ வரைஞ்ச படத்துல "உங்கள் குடியான துறவி"ன்னு கையெழுத்து போட்டார், தன் குடும்பத்தோட அரசைப் பறிச்ச வம்சத்துக்கிட்ட. 1690கள் கடைசியில துறவை விட்டுட்டு யாங்சோல வீடு கட்டி உக்காந்ததுக்கு அப்புறம், இன்னாரோட பத்தாவது தலைமுறைப் பேரன்னு அரச வம்சத்தையே சொல்ற முத்திரையைக் குத்த ஆரம்பிச்சார். சில பேர் அந்த முதல் கையெழுத்தை வச்சு அவரைத் துரோகின்னு பேசறாங்க, எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல, மடத்துலயே வளந்த ஒரு அனாதைப் பையன் வேற எதைப் பிடிச்சுப் பிழைக்கறது?

தேதியைப் பாருங்க. ஆளற சக்கரவர்த்தியோட ஆண்டுப் பேரை எழுதறது தான் வழக்கம். மிங் விசுவாசிங்க அதை எழுத மறுத்து, 60 வருஷச் சுற்றோட பேரை மட்டும் எழுதினாங்க. நம்ம பிரபவ, விபவ மாதிரி தான் அந்த 60ம், அதனால இது நமக்குச் சுலபமா புரியும். சிங்ங்கறது மஞ்சு ஆளுங்களோட வம்சம், அந்த சிங் சக்கரவர்த்தி பேரை எழுதாத தேதியே ஒரு எதிர்ப்பு.

பாதா ஷான்ரென் இதுல இன்னும் ஒரு படி மேல. 1684ல இருந்து போட ஆரம்பிச்ச அந்தப் பேரோட நாலு எழுத்தையும் சேத்துச் சேத்து எழுதுவார், தூரத்துல இருந்து பாத்தா 'அழு' மாதிரியும் 'சிரி' மாதிரியும் தெரியும். சில படத்துல ஒரு விசித்திரமான குறி வரும், அதை ஆய்வாளர்கள் 'மூணாம் மாசம் பத்தொன்பதாம் தேதி'ன்னு படிக்கறாங்க. கடைசி மிங் சக்கரவர்த்தி தூக்குல தொங்கின நாள் அது.

படி 7: கவிதைக்குள்ள ஒளிச்சு வச்சதைத் தோண்டுங்க

பாதாவோட இன்னொரு வேலையையும் பாத்துடுவோம். 1690கள்ல வரைஞ்ச ஒரு மலை-ஆறு ஆல்பத்துல இந்த நாலு வரி:

குவோ வீட்டுக் கோடு, மேகத்தலை சின்னது
துங் கிழவர் சணல் நார், மரத்து மேல நிறைய
இந்தக் காலத்து ஆளுங்க படத்தை எப்படிப் புரிஞ்சுப்பாங்கன்னு நினைச்சுப் பாக்கறேன்
'ஒத்தைச் சிகரம்' இன்னும் சோங் நாட்டு மலை ஆத்தையே வரையறார்

மேலோட்டமா பாத்தா டெக்னிக் பேச்சு. குவோ ஷி, துங் யுவான்னு பழைய ஆசான்கள் ரெண்டு பேரோட கோட்டு ஸ்டைலை ஒப்பிட்டுப் பேசறார், ஜூரானுக்கே குரு அந்த துங் யுவான். மூணாவது வரியில திருப்பம்னு சொன்னேன்ல, அதைப் பாருங்க. 'ஒத்தைச் சிகரம்'ங்கறது ஓவியர் ஹுவாங் கோங்வாங் வச்சுக்கிட்ட பேரு. 1269ல பிறந்தவர், அவருக்குப் பத்து வயசு இருக்கும்போது 1279ல சோங் அரசு மங்கோலியர்கிட்ட மொத்தமா விழுந்துடுச்சு, வாழ்நாள் முழுக்க யுவான் ஆட்சியில தான் இருந்தார். ஆனா அவர் வரைஞ்சது சோங் மலைன்னு பாதா சொல்றார். அப்போ மஞ்சு ஆட்சியில உக்காந்துட்டு பாதா வரையற இந்த மலை யாரோடது? அதை அவர் எழுதவே இல்ல, எழுதினா தலை தப்பாது. மூணாவது வரி படிக்கறவங்களைப் பாத்துக் கேக்குது.

பாதாவுக்கு அப்புறம் வந்த ஓவியரும் கவிஞருமான செங் பான்சியாவ் அவரைப் பத்தி எழுதின கவிதை "மைப்புள்ளி கொஞ்சம், கண்ணீர்ப்புள்ளி அதிகம்"னு முடியும்.

எல்லாக் கவிதையிலயும் இப்படி அரசியல் இருக்கும்னு தேடக் கூடாது, அது இன்னொரு தப்பு. ஷிதாவ் லூஷான் அருவியை வரைஞ்சு அதுல தாங் காலத்துக் கவிஞர் லி பாயோட கவிதையை எழுதி வச்சிருக்கார், அது மலையைப் பாத்த ஆனந்தம், அவ்ளோதான். யாரோட கவிதை, ஓவியரோடதா பழையவங்களோடதா இல்ல நண்பர் எழுதிக் கொடுத்ததாங்கறதை மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கோங்க.

படி 8: படமே இல்லாத கவிதையையும் ஒன்னு படிங்க

ஹுய்ச்சோங்னு 11ஆம் நூற்றாண்டுக்கு முன்பின்னா ஒரு கவிஞர்-துறவி, ஆத்தங்கரை, வாத்துன்னு சின்னச் சின்னக் காட்சி வரையறதுல பேர் போனவர். அவர் படம் ஒன்னைப் பாத்து 1085ல சூ ஷி எழுதின கவிதை சீனக் குழந்தைங்க எல்லாருக்கும் மனப்பாடம். "மூங்கிலுக்கு அப்பால பீச் பூ ரெண்டு மூணு கொம்பு, வசந்த ஆத்துல தண்ணி சூடானது வாத்துக்குத் தான் முதல்ல தெரியும்". அந்தப் படம் இன்னிக்கு இல்ல. மூங்கில், பூ, வாத்து மூணும் படத்துல இருந்திருக்கும். தண்ணியோட சூட்டை மட்டும் சூ ஷி வாத்தோட காலுக்குள்ள இறங்கிப் போய் எடுத்துட்டு வந்தார்.

படி 9: நீங்களே ஒன்னு வரைஞ்சு பாருங்க

வரையத் தெரியலைன்னாலும் பரவால்ல, பென்சில் போதும். சோங் சக்கரவர்த்தி ஹுய்சோங் காலத்துல அரண்மனை ஓவியக் கழகத்துக்கு ஆள் எடுக்க ஒரு கவிதை வரியைக் கொடுத்து வரையச் சொல்வாங்க. "தாறுமாறா மலைங்க, ஒளிஞ்சிருக்கு பழைய கோயில்"னு ஒரு வரி. மத்தவங்க எல்லாம் கோபுர நுனியையோ கூரை ஓரத்தையோ காட்டினாங்க. ஜெயிச்சவர் மலையை மட்டும் வரைஞ்சு ஒரு கொடிக்கம்பம் வச்சார், கூரை தெரிஞ்சா அப்புறம் எங்க ஒளிஞ்சிருக்கு?

உங்களுக்கு வாங் வெய்யோட இந்த ரெண்டு வரி: "தண்ணி தீர்ற இடம் வரைக்கும் நடந்து, மேகம் எழும்பற நேரத்தை உக்காந்து பாக்கறேன்". ரெண்டு வரியையும் ஒரே படத்துல கொண்டு வரணும், நடந்ததும் தெரியணும் உக்காந்ததும் தெரியணும். ஒரு அரை மணி நேரம் எடுத்துக்கோங்க. முடிச்சதுக்கு அப்புறம் கிளீவ்லாந்து மியூசியம் தளத்துல மா லின் பேரைப் போட்டுத் தேடுங்க. துறவி இல்ல அவர், அரண்மனை ஓவியர், ஆனா இதே வரியை 13ஆம் நூற்றாண்டுல விசிறி மேல வரைஞ்சிருக்கார், கவிதையை லிசோங் சக்கரவர்த்தி தன் கையாலயே இன்னொரு விசிறியில எழுதியிருக்கார். ரெண்டையும் திறந்து வச்சுட்டு, அந்த ஆள் எங்க உக்காந்திருக்கார், அவர் கண்ணு எங்க போகுது, தண்ணி எங்க நிக்குதுன்னு உங்க படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.